241 இருந்த இடத்தில் 250 மாட்டலாமா? டவுன்ஹில் பைக்கின் பின் ஷாக் அளவை மாற்றும் முன்

பழைய டவுன்ஹில் பைக் (மலைச்சரிவில் வேகமாக இறங்குவதற்கான சைக்கிள்) வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். ஃபிரேமில் விரிசல் இல்லை, பேரிங்குகள் எல்லாம் போன வருடம்தான் மாற்றியவை. பின் சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஷாக்கின் தண்டில் மட்டும் கீறல் விழுந்து எண்ணெய் கசிகிறது. அதே அளவில் இன்னொன்று தேடினால் கிடைப்பதெல்லாம் நம்முடையதைவிடப் பழையவை. இந்த நேரம் பார்த்து, அதிகம் ஓட்டாத 250×75 ஷாக் ஒன்று நல்ல விலைக்குக் கண்ணில் படுகிறது. நம்முடையது 241×76. நீளத்தில் 9 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். போல்ட் ஓட்டைக்குள் எப்படியாவது இழுத்துப் பிடித்து மாட்டிவிடலாம் என்று தோன்றும்.

மாட்டிவிடலாம் என்பது உண்மைதான். மாட்டிய பிறகு அது வேறு பைக். அந்த வேறு பைக் உங்களுக்கு வேண்டுமா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட முடியும்.

ஷாக்கைக் குறிக்கும் எண்கள் இரண்டு. முதலாவது, இரு முனைகளிலும் போல்ட் போகும் ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவரை உள்ள நீளம், ஐ-டு-ஐ என்பார்கள். இரண்டாவது, தண்டு உள்ளே போகக்கூடிய தூரம்; அது ஸ்ட்ரோக். 241×76 என்பது அங்குலக் கணக்கில் 9.5×3.0. பந்தய வீரர் சாம் ஹில் 2006இல் நியூசிலாந்தின் ரோட்டோருவாவில் உலகப் பட்டம் வென்ற காலத்து அயர்ன் ஹார்ஸ் சண்டே, பிறகு வந்த ட்ரெக் செஷன் 88, சான்டா குரூஸ் வி10 என்று ஒரு தலைமுறை டவுன்ஹில் பைக்குகள் இந்த அளவில்தான் வந்தன. 2016இல் ஷாக் தயாரிக்கும் ராக் ஷாக்ஸ் நிறுவனம் மில்லிமீட்டர் கணக்கிலான மெட்ரிக் அளவுகளைக் கொண்டுவந்தது. தண்டைத் தாங்கும் உள் புஷ்களுக்கு (சறுக்கு வளையங்களுக்கு) இடையே கூடுதல் இடைவெளி கிடைத்தால் பக்கவாட்டு விசையை ஷாக் நன்றாகத் தாங்கும், உராய்வும் குறையும். அந்த இடம் வேண்டும் என்பதால்தான் ஏறக்குறைய அதே ஸ்ட்ரோக்குக்கு மெட்ரிக் ஷாக் சற்று நீளமாக இருக்கிறது. 241×76 விட்டுப்போன இடத்துக்கு 250×75 வந்தது இப்படித்தான். இதே குடும்பத்தில் ட்ரனியன் வகையும் உண்டு. அதில் மேல் முனையில் கண்ணே இருக்காது, உடலின் இரு பக்கமும் போல்ட் ஏறும். 225×75 என்பது அதன் அளவு. சாதாரணக் கண் வைத்த ஃபிரேமில் அதை மாட்ட வழியே இல்லை, ஆகவே விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கடைசிவரை போய்ப் பார்க்க வேண்டிய மூன்றாவது எண் ஒன்று இருக்கிறது. அதை யாரும் பெட்டிமேல் அச்சிடுவதில்லை. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது அது: முழுக்க அமுங்கிய நிலையில் ஷாக்கின் நீளம். 241இல் 76 போனால் 165. 250இல் 75 போனால் 175. 10.5×3.5 என்ற பெரிய அங்குல அளவு, அதாவது 267×89, அமுங்கினால் 178. 216×63 அமுங்கினால் 153. 222×70 அமுங்கினால் 152. இந்த எண்தான், பெரிய குதிப்பில் இறங்கும்போது பின் டயர், சீட்டைத் தாங்கும் குழாயான சீட் டியூபுக்கு எவ்வளவு அருகில் வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஃபிரேம் எதிர்பார்த்ததைவிட இது குறைந்தால் ஆபத்து.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். டவுன்ஹில் பைக் வாங்க வசதி இல்லாத காலத்தில் 140 மி.மீ. பயணமுள்ள (சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரம்) ஒரு பைக்கில் 200×51 ஷாக்கை எடுத்துவிட்டு 200×57 மாட்டினேன். ஐ-டு-ஐ இரண்டும் ஒன்றுதான், கூடுதலாக 6 மி.மீ. ஸ்ட்ரோக் இலவசம் என்று விற்றவர் சொன்னார், நானும் நம்பினேன். அமுங்கிய நீளம் 149இலிருந்து 143க்கு இறங்கியதை இருவருமே கணக்கில் எடுக்கவில்லை. பயணத்தின் கடைசிப் பகுதியில் அந்த 6 மி.மீ. சக்கரத்தில் சுமார் 15 மி.மீ. ஆகிறது. முதல் பெரிய இறக்கத்தில் டயர் சீட் டியூபைப் பிடித்தது. ஒரு கணம் பின் சக்கரம் பூட்டிக்கொண்டது போல் நின்றது. நான் விழவில்லை. சீட் டியூபின் பின்புறம் பெயின்ட் உரிந்து, அலுமினியத்தில் விரல் நுழையும் அளவு பள்ளம் விழுந்திருந்தது. அந்த ஃபிரேமை அதற்குப் பிறகு நம்பி ஓட்ட மனம் வரவில்லை.

அந்தக் கோணத்தில் மட்டும் பார்த்தால் 241இன் இடத்தில் 250×75 பாதுகாப்பானது. அமுங்கிய நீளம் 10 மி.மீ. கூடுவதால் டயர் சீட் டியூபிலிருந்து விலகியே நிற்கும். சிக்கல் மறுமுனையில், ஷாக் முழுக்க நீண்டு நிற்கும் நிலையில் இருக்கிறது.

கணக்குக்காக ஒரு பைக்கை எடுத்துக்கொள்வோம். பின் பயணம் 200 மி.மீ., வீல்பேஸ் (இரு சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 1250, செயின்ஸ்டே (பெடல் அச்சிலிருந்து பின் அச்சுவரை) 445, ஹெட் ஆங்கிள் (ஃபோர்க் திரும்பும் அச்சின் சாய்வு) 63.5 டிகிரி, பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு) தரையிலிருந்து 350. 200ஐ 76ஆல் வகுத்தால் சராசரி லெவரேஜ் 2.63, அதாவது ஷாக் ஒரு மி.மீ. அமுங்கினால் சக்கரம் 2.63 மி.மீ. நகரும். பெரும்பாலான டவுன்ஹில் லிங்க் (சக்கரத்தின் அசைவை ஷாக்குக்குக் கொண்டுபோகும் இணைப்புக் கை) அமைப்புகளில் இது தொடக்கத்தில் கூடுதலாகவும் முடிவில் குறைவாகவும் இருக்கும். நம் பைக்கில் 3.0இல் தொடங்கி 2.3இல் முடிகிறது என்று வைப்போம். 9 மி.மீ. நீளமான ஷாக்கை மாட்டினால், தொடக்க லெவரேஜ் 3 என்பதால், பின் அச்சு 27 மி.மீ. கீழே தள்ளப்படும். பைக்கின் பின்பக்கம் அவ்வளவு தூக்கும். ஹெட் ஆங்கிள் ஏறக்குறைய 1.2 டிகிரி செங்குத்தாகி 64.7க்குப் போகும். பாட்டம் பிராக்கெட் 17 மி.மீ. உயர்ந்து 367இல் நிற்கும்.

எண்ணாகப் பார்த்தால் சின்னதாகத் தோன்றலாம். செங்குத்தான வேர்ப்பாதையில், பிரேக்கைப் பிடித்தபடி இறங்கும்போது, அந்த 1.2 டிகிரிதான் உங்களை ஹேண்டில்பாருக்கு மேலே தள்ளும். வளைவுகளில் 17 மி.மீ. உயரமான பைக் மேலே உட்கார்ந்திருப்பது போல் இருக்கும், உள்ளே புதைந்த உணர்வு போய்விடும். தயாரிப்பாளர்கள் பல வருடங்களாக ஒவ்வொரு அரை டிகிரியாகக் குறைத்து அடைந்த ஹெட் ஆங்கிளை நாம் ஒரே மதியத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். இரட்டைக் கிரவுன் ஃபோர்க்கில் (குழாய்களை மேலும் கீழும் இரண்டு தட்டுகள் பிடிக்கும் முன் ஃபோர்க்) குழாய்களை மேலே நீட்டி முன்பக்கத்தையும் தூக்கிவிடலாமே என்பார்கள். 10 மி.மீ. தூக்கினால் 0.4 டிகிரிதான் திரும்பக் கிடைக்கும், பாட்டம் பிராக்கெட்டோ இன்னும் உயரும். ஃபோர்க்கில் நிறுவனம் போட்டிருக்கும் எல்லைக்கோட்டைத் தாண்டவும் கூடாது.

இன்னொன்று, இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. புதிய ஷாக் லிங்க்கை அதன் வடிவமைப்புக்கு 9 மி.மீ. முன்பிருந்தே இயக்கத் தொடங்குகிறது, கடைசி 10 மி.மீ.க்கு முன்பே நின்றுவிடுகிறது. மொத்தப் பயணம் 200க்கு அருகிலேயே இருக்கும், அதனால் எதுவும் இழக்கவில்லை என்று தோன்றும். ஆனால் லெவரேஜ் குறைந்து ஷாக் கெட்டிப்படும் அந்த இறுதிப் பகுதி, பெரிய அடிகளைத் தாங்குவதற்கென்றே வளைத்து வைத்தது. அதைப் பயன்படுத்தாமலே விட்டுவிட்டு, லெவரேஜ் அதிகமான முன்பகுதியில் கூடுதல் நேரம் ஓட்டுகிறோம். பைக் மெத்தென்று இருப்பதாகத் தோன்றும், கீழே போய் அடிக்கடி இடிக்கும். வி10 போன்ற, இரண்டு குட்டையான லிங்க்குகளில் தொங்கும் அமைப்புகளில் நிலைமை இன்னும் மோசம். அந்த லிங்க்குகள் சில டிகிரி கூடுதலாகத் திரும்பினாலே சக்கரம் போகும் பாதை மாறிவிடும், சிலவற்றில் லிங்க் ஃபிரேமிலேயே முட்டி நிற்கும். ஒற்றை அச்சில் சுழலும் எளிய அமைப்பு இந்த விஷயத்தில் அவ்வளவு முரண்டு பிடிக்காது.

ஆகவே வெறுமனே ஷாக் கிடைக்கவில்லை என்பதற்காக 250×75 மாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் ஒரு சூழ்நிலையில் இதே மாற்றம் அழகாகப் பொருந்தும். பைக் 29 அங்குலச் சக்கரங்களுக்காகச் செய்தது. நீங்கள் பின்னால் 27.5 போட விரும்புகிறீர்கள். விளிம்பின் விட்டம் 622, 584 என்பதால் அரைவிட்டத்தில் 19 மி.மீ. குறைகிறது, பின்பக்கம் அந்த அளவு தாழ்ந்துபோகும். நீளமான ஷாக் அதை 27 மி.மீ. தூக்கினால் கடைசியில் மிச்சம் 8 மி.மீ. உயர்வுதான். ஹெட் ஆங்கிள் மூன்றில் ஒரு டிகிரி அளவே மாறும், பாட்டம் பிராக்கெட் 5 மி.மீ. உயரும். டயருக்கும் சீட் டியூபுக்கும் இடையில் தாராளமான இடம் கிடைக்கிறது. உட்காரும்போது டயர் பின்புறத்தை உரசுகிறது என்று குறைப்படும் குட்டையானவர்களுக்கு இது பெரிய நிம்மதி. சர்வதேச சைக்கிள் அமைப்பான யூசிஐ 2019இல் வெவ்வேறு அளவுச் சக்கரங்களை அனுமதித்தது. அதே ஆண்டு லோயிக் புரூனி முன்னால் 29, பின்னால் 27.5 வைத்த ஸ்பெஷலைஸ்ட் டெமோவில் மான்ட் செயின்ட் ஆன் மலையில் உலகப் பட்டம் வென்றார். அந்த பைக் அதற்கென்றே செய்தது என்பதை மறக்கக் கூடாது. நம்முடையது ஒட்டுப்போட்டது. இருந்தாலும் கணக்கு ஒத்துவருகிறது, லிங்க் எங்கும் முட்டவில்லை என்று உறுதியானால் நான் இதைச் செய்வேன். லிங்க் முன்கூட்டியே தொடங்கும் குறை இதிலும் இருக்கிறது. கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங்கால் அதைச் சமாளிக்கலாம்.

மற்ற அளவுகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 230×65இன் அமுங்கிய நீளமும் 165தான், ஆக டயர் மோதாது. ஆனால் 11 மி.மீ. குட்டை என்பதால் பின் அச்சு 33 மி.மீ. மேலேறியே தொடங்கும். நிரந்தரமாகக் காற்றுப்போன சோபாவில் உட்கார்ந்தது போல் பைக் தாழ்ந்து கிடக்கும், பெடல் ஒவ்வொரு பாறையிலும் இடிக்கும். 267×89க்காகச் செய்த ஃபிரேமில் 250×75 போடுவது இரண்டு பக்கமும் கெடுதல்: தொடக்கத்தில் 17 மி.மீ. குட்டை, அமுங்கும்போது ஃபிரேம் எதிர்பார்த்ததைவிட 3 மி.மீ. கூடுதலாக உள்ளே போகும். இரண்டையும் ஒதுக்கிவிடலாம். சில ஃபிரேம்களுக்கு வேறு ஷாக் அளவைப் பொருத்துவதற்கென்றே தயாரிப்பாளரோ வெளிப் பட்டறைகளோ தனி லிங்க் விற்கிறார்கள். உங்கள் ஃபிரேமுக்கு அப்படி ஒன்று இருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

ஒரே ஐ-டு-ஐயில் ஸ்ட்ரோக்கை மட்டும் கூட்டுவது, உதாரணமாக 250×70ஐ 250×75 ஆக்குவது, நியாயமான மாற்றம். மெட்ரிக் ஷாக்குகள் பலவற்றில் உள்ளே ஒரு ஸ்பேசர்தான் இந்த வித்தியாசம். அதை எடுத்தால் சக்கரத்தில் 12, 13 மி.மீ. பயணம் கூடும். நிற்கும்போது பைக்கின் கோணங்கள் அப்படியே இருக்கும். ஆனால் என்னுடைய 200×57 கதை இங்கேதான் திரும்ப வரும். அதே ஃபிரேமை நிறுவனமே 75 ஸ்ட்ரோக்கிலும் விற்றிருந்தால் தைரியமாகச் செய்யுங்கள். இல்லாவிட்டால் அளக்காமல் தொடாதீர்கள்.

பலர் ஷாக் அளவை மாற்ற நினைப்பதே ஹெட் ஆங்கிளைச் சாய்க்கத்தான். அவர்களுக்கு ஆஃப்செட் புஷ் என்ற வழி இருக்கிறது. ஷாக்கின் கண்ணில் போடும் புஷ்ஷில் போல்ட் ஓட்டை நடுவிலிருந்து விலகியிருக்கும், அதனால் ஷாக் குட்டையானது போல் ஆகும். இரண்டு முனையிலும் போட்டு மொத்தம் 4 மி.மீ. குறைத்தால், நம் கணக்கு பைக்கில் அச்சு 12 மி.மீ. உயரும், ஹெட் ஆங்கிள் அரை டிகிரி சாயும், பாட்டம் பிராக்கெட் 8 மி.மீ. தாழும். செலவு சொற்பம். ஆனால் அமுங்கிய நீளமும் 165இலிருந்து 161 ஆகிறது, கடைசியில் டயர் 9 மி.மீ. கூடுதலாக உள்ளே வரும். சாய்வு மட்டுமே தேவை என்றால் கோணம் மாற்றும் ஹெட்செட் (ஃபோர்க் திரும்பும் பேரிங் தொகுப்பு) போடுவதே எனக்குப் பிடித்த வழி. அது ஷாக்கையோ டயர் இடைவெளியையோ தொடுவதே இல்லை.

அளவை மாற்றினால் ஸ்பிரிங்கும் மாறும் என்பதைச் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். உடை, ஹெல்மெட் சேர்த்து 80 கிலோ ஒருவர். பின் சக்கரத்தில் சுமார் 50 கிலோ விழுகிறது என்று வைத்தால் 490 நியூட்டன். லெவரேஜ் 2.63 ஆனால் ஷாக்கில் விழுவது 1289 நியூட்டன். ஏறி நின்றதும் 30 சதவீதம், அதாவது 76இல் 22.8 மி.மீ. அமுங்க வேண்டும். ஒரு மி.மீ.க்கு 56.5 நியூட்டன், கடையில் கேட்கும் கணக்கில் அங்குலத்துக்கு 323 பவுண்ட். 325 ஸ்பிரிங் சரியாக இருக்கும். அதே 200 மி.மீ. பயணத்தை 89 மி.மீ. ஸ்ட்ரோக்கில் தரும் பைக்கில் லெவரேஜ் 2.25தான், அங்கே அதே ஆளுக்கு 236 பவுண்ட் போதும். பழைய வி10இன் 254 மி.மீ. அமைப்பில், 76 மி.மீ. ஸ்ட்ரோக்கில், லெவரேஜ் 3.34, அவருக்கே 410 பவுண்ட் தேவைப்படும். நம் 241 ஃபிரேமில் 250×75 போட்டால் 340ஐத் தொடும், நடைமுறையில் 350 வாங்க வேண்டியிருக்கும். நண்பர் சொல்லும் பவுண்ட் எண் அவருடைய பைக்குக்கு மட்டும்தான் பொருந்தும் என்பது இதனால்தான். ஸ்பிரிங்கின் மேல் எழுதியிருக்கும் ஸ்ட்ரோக் அளவையும் பாருங்கள். 76க்கான ஸ்பிரிங்கை 89 மி.மீ. ஷாக்கில் போட்டால் ஷாக் முடிவதற்கு முன்பே சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; அந்த அடியை ஃபிரேம் வாங்கும்.

டேம்பரின் (ஷாக்கின் வேகத்தை எண்ணெயால் கட்டுப்படுத்தும் பகுதி) உள் டியூனும் அப்படியே. தயாரிப்பாளர் ஒவ்வொரு ஃபிரேமின் லெவரேஜுக்கும் ஏற்ப உள் வால்வை அடுக்கித் தருகிறார். வேறொரு பைக்கிலிருந்து கழற்றிய ஷாக், அளவு கச்சிதமாக இருந்தாலும், ரீபவுண்டை (ஷாக் திரும்ப நீளும் வேகத்தின் திருகை) முழுக்க மூடியும் குதிரை மாதிரி உதைக்கலாம். வாங்கும்போதே அது எந்த பைக்கிலிருந்து வந்தது என்று கேளுங்கள். போல்ட்டின் தடிமன், புஷ்ஷின் அகலம் இரண்டையும் உங்கள் ஃபிரேமில் காலிப்பரால் அளந்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இதையெல்லாம் கூட்டிக் கழித்தால், கசியும் 241×76 ஷாக்கைச் சரிசெய்வதற்கே நான் முதலில் பணம் ஒதுக்குவேன். புதிய தண்டு, முழு சீல் செட், புதிய எண்ணெய், உங்கள் எடைக்கு ஏற்ற வால்வு அடுக்கு. ஒரு நல்ல சஸ்பென்ஷன் பட்டறையில் இதைச் செய்தால் கிடைப்பது, புதிதாக வாங்கியபோது இருந்ததைவிட உங்களுக்குப் பொருத்தமான ஷாக். உதிரிபாகம் கிடைக்காத மாடலாக இருந்தால் அதே 241×76இல் வேறு ஷாக் தேடுவேன். அங்குல அளவுகளில் செய்வது முற்றாக நின்றுவிடவில்லை, பழைய ஃபிரேமைக் கலைத்து விற்பவர்களும் உண்டு. சில வாரங்கள் காத்திருக்க வேண்டிவரலாம். அவசரப்பட்டு மாட்டிய தவறான அளவோடு ஒரு சீசன் முழுக்க ஓட்டுவதைவிட அந்தக் காத்திருப்பு மேல்.

அதையும் மீறி அளவை மாற்றுவதென்று முடிவெடுத்தால், ஷாக்கை வாங்கும் முன் ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். 25 மி.மீ. அகல அலுமினியப் பட்டை ஒன்றில், வாங்கப்போகும் ஷாக்கின் அமுங்கிய நீளத்துக்கு இரண்டு ஓட்டை போடுங்கள். 250×75 என்றால் நடுவுக்கு நடு 175. இன்னொரு பட்டையில் 250. உங்கள் ஷாக்கைக் கழற்றி, முதலில் குட்டைப் பட்டையை மாட்டினால் பைக் முழுக்க அமுங்கிய நிலையில் பூட்டிக்கொண்டு நிற்கும். டயருக்கும் சீட் டியூபுக்கும், டயருக்கும் சீட்டின் பின்முனைக்கும் இடையே எவ்வளவு இருக்கிறது என்று அளங்கள். சக்கரம் அடிபடும்போது வளையும், டயரில் சேறு ஒட்டும், ஆகவே 6 மி.மீ.க்குக் குறைந்தால் நான் ஓட்ட மாட்டேன். பின்னால் பெரிய பல்சக்கரத்தில் செயின் போட்டு, கியர் மாற்றும் டீரெய்லர் இழுபடுகிறதா என்றும் பாருங்கள். பிறகு நீளப் பட்டை: லிங்க் எங்காவது முட்டுகிறதா, செயின் ஸ்விங்ஆர்மை உரசுகிறதா, தரையில் நிறுத்தி பாட்டம் பிராக்கெட் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது.

ஷாக் கைக்கு வந்ததும் ஸ்பிரிங் போடாமல் மாட்டி, சக்கரத்தைக் கையால் மெதுவாக மேலும் கீழும் தூக்கி இறக்குங்கள். எண்ணெய்க் குடுவை நடுப் பயணத்தில் ஃபிரேமைத் தொடுவது பட்டையால் தெரியாது, இதில்தான் தெரியும். அதன்பின் ஸ்பிரிங்கைப் போட்டு, சீட் டியூபின் பின்புறம் டயர் வரக்கூடிய இடத்தில் விளையாட்டுக் களிமண் ஒரு உருண்டை ஒட்டி, உங்களுக்குப் பழக்கமான சிறிய குதிப்பு ஒன்றில் பாதி வேகத்தில் இறங்குங்கள். நிறுத்தி, களிமண்ணைப் பாருங்கள். டயர் பட்டைகளின் தடம் அதில் பதிந்திருந்தால் அன்று அதற்கு மேல் ஓட்ட வேண்டாம்.